கண் மூடியது, கை முறுக்கியது

சூளகிரியிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு நானும் என் தோழி ஷமீமும் நான்கு வருடம் ஒரே ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வந்தோம். நான் ஓட்டுவேன். அவள் பின்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். அவள் பேச்சு காதில் விழ வேண்டும், ரோட்டோர வயல்களின் கொத்தமல்லி வாசமும் வேண்டும் என்று ஹெல்மெட் கண்ணாடியை எப்போதும் ஏற்றியே வைத்திருப்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது ஒரு வண்டு நேராக என் வலது கண்ணுக்கு வந்தது. அதைப் பார்த்தேனா என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்குள் இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. கூடவே கையும் இறுகி ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டது. வண்டி சீறியது.

"முறுக்காத புள்ள, கைய விடு" என்று ஷமீம் பின்னாலிருந்து எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துத் தளர்த்தினாள். நான் பிரேக்கை அழுத்தினேன். கண்ணைத் திறந்தபோது, முன்னால் நின்றிருந்த ஒரு லாரிக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

"மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடியே இமை மூடிக்கும். அதனாலதான் கருவிழி தப்பிச்சுது. கை இறுகறதும் அப்படித்தான், நம்மளக் கேக்காது" என்றார், வண்டு அடித்து வீங்கிய என் இமையை அன்றிரவு பார்த்த கண் டாக்டர்.

இமை வீக்கம் வடியும்வரை ஒரு வாரம் ஷமீம்தான் வண்டி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து பேசினேன். அந்த நான்கு வருடத்தில் அந்த வாரம்தான் இன்றும் அதிகமாக நினைவுக்கு வருகிறது.

அவள் கல்யாணமாகி பர்கூர் போய்விட்டாள். இப்போது நான் தனியாகத்தான் போகிறேன். கண்ணாடியை இறக்கிய பிறகே வண்டியைக் கிளப்புகிறேன். வழியில் அவள் போன் செய்தால், ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஆசை தீரப் பேசுகிறேன்.