களிம்பு தடவிய போல்ட்

அல்சீட் வெலெட் நல்ல மெக்கானிக்கா என்று கேட்டால், நல்ல மெக்கானிக்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு அவனை மட்டமாக நினைத்தால் அது அநியாயம். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அக்கரை கனடா, இக்கரை நாங்கள் என்று, வீட்டுக்குள் பிரெஞ்சு பேசி, வெளியே உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிற ஜனங்களுக்கு அவன் கைதான் முப்பது வருஷம் வண்டியை ஓட வைத்தது.

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு எமன் உப்புதான். நவம்பரில் பனி விழுந்தால் ஏப்ரல் வரை சாலையெல்லாம் உப்பைக் கொட்டுவார்கள். ஒரே ஒரு குளிர்காலம் ஓடிய வண்டியில் போல்ட்டைக் கழற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பாதி நேரம் தலை மட்டும் கையோடு வந்துவிடும், உடம்பு உள்ளேயே துருவோடு தங்கிவிடும். அதனால் இங்கே எந்த மெக்கானிக்கும் மரையில் வெள்ளிநிறக் களிம்பு தடவாமல் போல்ட் போட மாட்டான். அப்பன் தடவினான், மகனும் தடவினான். தடவாதவனுக்குச் சோம்பேறி என்று பெயர். அடுத்த வருஷம் கழற்றப் போகிறவன் திட்டக் கூடாது என்கிற நல்லெண்ணம் அது. கெட்ட எண்ணத்தால் வந்த தப்பு என்றால் மனசு எப்படியோ ஆறிவிடும். இது அப்படி வந்ததில்லை.

அல்சீடின் அண்ணன் லியோனெல். அவனுடைய பெண்டாட்டி ஃப்ளோரீன். நாற்பது வயதுக்கு மேல் கிழங்கு லாரியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் எந்தப் பொம்பிளையும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. லியோனெலுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் அவள் கம்பளி பின்னி விற்ற காசில் பழுப்பு நிறத்தில் நீளமான கார் ஒன்றை வாங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை கேரிபூ டவுன் ஆஸ்பத்திரிக்கு, சனிக்கிழமை கடைக்கு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு என்று புருஷன் கூட்டிப்போகாத பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவாள். அந்தக் கார் வருவது தெரிவதற்கு முன்னால் அதற்குள் இருக்கிறவர்களின் சிரிப்பு கேட்கும்.

எண்பத்தாறாம் வருஷம், செப்டம்பர். கிழங்கு தோண்டுவதற்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்த சமயம். ஃப்ளோரீன் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

“கொழுந்தனாரே, முன் சக்கரம் பன்னி மாதிரி கத்துது. ஞாயித்துக்கிழமை பூசை நடுவுல வந்து நிறுத்தினேனா, சாமியார் பிரசங்கத்தையே நிறுத்திட்டார்.”

“அவர நிறுத்த வெச்சதுக்கு ஊரே உங்க பேர்ல மெழுகுவத்தி ஏத்தியிருக்குமே, அண்ணி.”

“வாய் இருக்கட்டும், கை வேலை செய்யட்டும். செவ்வாய்க்கிழமைக்கு வண்டி வேணும். க்ளாரிஸுக்கு ரத்தம் எடுக்கணும்.”

பிரேக் கட்டைகள் தேய்ந்து இரும்பு இரும்போடு உரசிக்கொண்டிருந்தன. அல்சீட் புதுக் கட்டை வாங்கிவந்தான். கட்டையைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கியை அச்சோடு சேர்த்துப் பிணைப்பதற்குச் சக்கரத்துக்கு இரண்டு பெரிய போல்ட். பழையது துருவேறிக் கிடந்ததால் அதற்கும் புதுசு வாங்கினான். புது போல்ட்டின் மரையில் நீலமாக ஏதோ காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. பெட்டிக்குள் ஒரு காகிதம். எல்லாம் இங்கிலீஷ். அல்சீட் பேசுகிற இங்கிலீஷே பாதிதான், படிக்கிறது அதிலும் பாதி. காகிதத்தை மடித்து அலமாரியில் செருகினான்.

அந்த நீலத்தை அவன் அழுக்கு என்று நினைத்தான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தான். மரை பளபளவென்று ஆனதும் வெள்ளிக் களிம்பைத் தடவினான். மற்ற வண்டிக்கெல்லாம் ஒரு விரல் என்றால் இதற்கு இரண்டு விரல். அண்ணி வண்டியாயிற்றே! பிறகு, வைத்த அளவு முறுக்கு ஏறியதும் சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்சை எண்பத்தைந்தில் வைத்து முறுக்கினான். ‘டக்’ என்றது. நாலு போல்ட்டும் ‘டக்’ என்றன. முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக மஞ்சள் பெயின்டால் ஒவ்வொன்றின் தலையிலும் கோடு போட்டான். கண்மதிப்பில் முறுக்குகிறவன் இல்லை அவன். ரெஞ்ச் வைத்து அளந்து முறுக்குகிறவன் என்று அவனுக்கே அதில் ஒரு பெருமை.

நாலு வாரம் போயிற்று. கோயில் மேட்டிலிருந்து ஃப்ளோரீன் நாலு பெண்களோடு இறங்கி வருகிறாள். கீழே நாற்சந்தி. நாற்சந்தியில் கிழங்கு லாரி ஒன்று மெதுவாகத் திரும்புகிறது. பிரேக்கை மிதித்தாள். மிதி தரையைத் தொட்டது. இன்னொரு தரம் மிதித்தாள். தரைதான். முன்னால் ஏதோ ‘கடமுடா’ என்று அடித்தது. லாரியில் போய் மோதாமல் ஸ்டியரிங்கை ஒடித்து, பக்கத்தில் பூஷார் என்கிறவனின் வயலுக்குள் விட்டாள். தோண்டிய கிழங்கை ரொப்பி வரிசையாக நிறுத்தியிருந்த மரப்பீப்பாய்களில் பதினொன்றை உருட்டிவிட்டுக் கார் நின்றது. கூட வந்த க்ளாரிஸுக்குக் காறையெலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

ஐந்து உயிரைக் காப்பாற்றினவள் அவள். ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா?

“கிழங்கு பொறுக்க எல்லாரும் கூடையோட போவாங்க. ஃப்ளோரீன் காரோட போயிட்டா!”

வயலிலேயே பூஷார் ஆரம்பித்துவைத்தான். சாயங்காலத்துக்குள் ஆற்றங்கரை முழுக்க அதே சிரிப்பு.

“மிதி கீழ போயிடுச்சுங்க. ரெண்டு தடவை மிதிச்சேன்,” என்றாள் ஃப்ளோரீன் புருஷனிடம்.

“பயத்துல பக்கத்து மிதிய மிதிச்சிருப்ப,” என்றான் லியோனெல். “அதனாலதான் வண்டி ஓடுச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?”

காரை இழுத்துக்கொண்டுவந்து பட்டறையில் தூக்கி நிறுத்தினான் அல்சீட். இடது முன் சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் தாங்கி ஒற்றைப் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற போல்ட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. தாங்கி சுழன்று சக்கரத்தில் அடித்து, பிரேக் எண்ணெய் போகிற குழாயைக் கிழித்திருந்தது. எண்ணெய் ஒழுகிப்போனால் மிதி தரைக்குப் போகாமல் வேறு எங்கே போகும்? மிச்சமிருந்த போல்ட்டை எடுத்துப் பார்த்தான். மரை முழுக்க வெள்ளிக் களிம்பு. கழுத்துப் பக்கம் சவ்வு மிட்டாய் இழுத்த மாதிரி மெலிந்திருந்தது. மஞ்சள் கோடு மட்டும் அப்படியே இருந்தது.

அப்போது லியோனெல் உள்ளே வந்தான்.

“என்னடா, ஏதாவது தெரியுதா?”

அல்சீடின் கையில் போல்ட். பட்டறை நின்றது அண்ணன் கொடுத்த நிலத்தில். வண்டிகளைச் சோதித்துக் கண்ணாடியில் சீட்டு ஒட்டுவதற்கு அரசாங்கம் கொடுத்த உரிமம் அல்சீடின் கைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. இதெல்லாம் மனசில் ஓடியதா, வெறும் பயமா, அவனுக்கே தெரியாது. போல்ட்டைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“வயல்ல கல்லு கிடந்திருக்கு அண்ணே. அதுல பட்டு குழாய் கிழிஞ்சிருக்கு.”

“அப்ப கிழிஞ்சது வயலுக்குள்ள போனப்புறம்தானே?”

“ஆமா.”

அவ்வளவுதான். அந்த ஓர் ‘ஆமா’.

மறுநாள் அலமாரியில் செருகிய காகிதத்தை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனான். கடைக்காரன் வில்ஃப்ரிட் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் படித்துச் சொன்னான்.

“மரையில எண்ணெய், களிம்பு எதுவும் படக்கூடாதாம். அந்த நீலம் பசையாம், போல்ட் தானா கழளாம பிடிச்சுக்கறதுக்கு. ஏன்டா, நீ தடவிட்டியா?”

“சும்மா கேட்டேன். ஆனா ரெஞ்ச் எண்பத்தஞ்சுல ‘டக்’ங்குதே, அப்புறம் என்ன?”

“அந்த எண்பத்தஞ்சு காஞ்ச மரைக்குடா. களிம்பு போட்டா வழுக்கிக்கிட்டு இன்னும் உள்ள போவும். ரெஞ்சுக்கு அது தெரியாது. போல்ட்ட இழுத்து நீட்டிப்புடும். நீண்ட போல்ட்டுக்குப் பிடிமானம் ஏது? பசையும் இல்ல. ஆட்டத்துல தானா கழண்டுடும்.”

அன்றிலிருந்து அல்சீட் பிரேக் போல்ட்டுக்குக் களிம்பைக் காட்டவே இல்லை. ஓட்டையின் மரையைத் துடைத்து, ஊதி, புது போல்ட்டின் நீலத்தைக் கை படாமல் பிடித்து, முதலில் விரலால் திருகுவான். அப்புறம்தான் ரெஞ்ச். ஒரு சக்கரத்துக்கு மற்றவர்கள் எடுக்கிற நேரத்தைவிடப் பாதி அதிகம் எடுப்பான். இருபது மைல் தள்ளியிருந்தும் வண்டிகள் வந்தன. “பிரேக்குன்னா அல்சீட்தான்” என்று பெயர் வந்தது. ஒவ்வொரு தரம் அதைக் கேட்கும்போதும் அவன் குனிந்து எதையாவது தேடுவான்.

அந்தக் காரையும் பழுது பார்த்துக் கொண்டுபோய் விட்டான். ஃப்ளோரீன் சாவியை வாங்கவில்லை. லியோனெல் வாங்கி ஆணியில் மாட்டினான். வசந்தகாலத்தில் காரை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு அவள் எங்கே போவதென்றாலும் புருஷனிடம் கேட்க வேண்டும், அவனுக்குச் சௌகரியப்படும்போது போக வேண்டும். இரண்டு வருஷம் கழித்து ஜனவரியில், கேரிபூ ஆஸ்பத்திரியில் கிடந்த அவள் தங்கைக்கு முடியவில்லை என்று போன் வந்தது. “பனி கொட்டுது, நாளைக்குப் போலாம்” என்றான் லியோனெல். தங்கை விடியற்காலையில் போய்ச் சேர்ந்தாள். சவ அடக்கத்தில் ஃப்ளோரீன் அழவில்லை. “நான் ஓட்டியிருந்தா போயிருப்பேன்,” என்று மட்டும் சொன்னாள், யாரிடமும் இல்லாமல். பக்கத்தில் நின்ற அல்சீடின் காதில் விழுந்தது. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றான்.

தொண்ணூற்றேழில் லியோனெல் இறந்தான். இனிமேல் யாருக்குப் பயம்? சொல்லிவிடலாம், அண்ணிக்கு நல்லதாக ஒரு வண்டி பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று அல்சீட் நினைத்தான். மனிதன் போடுகிற கணக்கு! அதற்குள் ஃப்ளோரீனின் கண் போய்க்கொண்டிருந்தது. நடுவில் புகை மூட்டம், ஓரத்தில் மட்டும் வெளிச்சம். செவ்வாய்க்கிழமைதோறும் கேரிபூவுக்குக் கண் வைத்தியத்துக்கு அல்சீட்தான் கூட்டிப்போனான். முன் இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுகிறவன் தப்பையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள்.

“இந்த வளைவுக்கு கியரைக் குறைக்கணும், தம்பி. பார்வை போனாலும் வயித்துக்குத் தெரியுது.”

“அண்ணி,” என்றான் அல்சீட் அன்றைக்கு. “அன்னைக்கு மிதி தரையைத் தொட்டது நெசம்.”

அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள். அவன் சொன்னான். நீலம், களிம்பு, போல்ட், கல் என்று சொன்ன பொய், எல்லாம். சொல்லி முடிக்கும்போது கேரிபூ ஊரின் முதல் வீடு வந்துவிட்டது.

“போல்ட் கழண்டது தப்பில்ல,” என்றாள் ஃப்ளோரீன் கடைசியில். “உனக்குத் தெரியல, பண்ணிட்ட. முதல்ல நான் சத்தியம் பண்ணினேன், மிதி கீழ போச்சுன்னு. ஒருத்தரும் நம்பல. அப்புறம் நாளாக நாளாக நானே நம்பல தம்பி. என் காலே எனக்குப் பொய் சொல்லிச்சுன்னு நெனச்சுட்டேன். பதினோரு வருஷம் என் கால நான் நம்பல.”

“மன்னிச்சுடுங்க அண்ணி.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? சிரிச்சவங்ககிட்டப் போயிச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் ஊரே உட்கார்ந்து ப்ளோயும் அவித்த அவரைக்கொட்டையும் தின்கிற நேரம். ப்ளோய் என்றால் பக்வீட் என்கிற தானியத்தின் மாவில் ஒரு பக்கம் மட்டும் சுடுகிற ரொட்டி. அல்சீட் எழுந்து நின்றான். அதுவரை மண்டபத்தில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. காது சிவக்க எல்லாவற்றையும் சொன்னான்.

சொல்லி முடித்ததும் பூஷார் கையைத் தட்டினான்.

“பாருங்கடா, அண்ணி மேல என்ன பாசம்! பழிய எடுத்துத் தன் தலையில போட்டுக்கிறான்!”

“நீயா, பிரேக் போல்ட்ட ஒழுங்கா முறுக்காம விட்ட?” என்றான் இன்னொருத்தன். “வேற யாருகிட்டயாவது போயிச் சொல்லு. எங்க வீட்டு மூணு வண்டியும் உன் கையிலதான் ஓடுது.”

“நெசமாத்தான் சொல்றேன்...”

“உக்காருடா அல்சீட், சூடு ஆறுது.”

யாரோ அவன் தட்டில் இன்னொரு ப்ளோயை வைத்தார்கள். முதுகில் தட்டினார்கள். அந்த மண்டபத்தில் அவனை நம்பியது ஒரே ஒருத்தி. அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவன் வண்டியைக் கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்தினான். ஃப்ளோரீன் தடவிக்கொண்டு வந்து முன் கதவைத் தாண்டிப் பின் கதவைத் திறந்தாள். பின்னால் உட்கார்ந்தாள்.

“யாரும் நம்பல அண்ணி.”

“கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

“இனிமே என்ன பண்றது?”

“நீ சொன்ன பொய்ய ஒரே தடவையில நம்பினாங்க. நெசத்த நம்ப வைக்க எத்தனை தடவை ஆவுமோ, அத்தனை தடவை சொல்லு. வண்டிய எடு.”

அவன் சொன்னான். அடுத்த ஞாயிறும் சொன்னான். கல்யாணத்தில் சொன்னான், பட்டறையில் கட்டை மாற்ற வந்தவர்களிடம் சொன்னான். அண்ணி மேல் கொழுந்தனுக்கு இருக்கிற பாசம் என்று ஊர் அதையும் ஒரு கதையாக ஆக்கிவிட்டது. ஃப்ளோரீன் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமைகூடத் தவறாமல் அவன் வண்டியில்தான் போனாள். பின் இருக்கையில்தான். அவன் எந்த வளைவில் எப்படி ஒடித்தாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.