சாரல் மீது போட்ட பழி

என் மருமகளுக்கு வேலை போனதற்குக் காரணம் சாரல் இல்லை. நான். இதை எழுத எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். 'காரணம் கூறுக' என்று எத்தனையோ வினாத்தாள்களில் கேட்டவன். தன் வீட்டில் ஒரு காரணத்தைக் கூற இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டவனுக்கு எத்தனை மதிப்பெண் போடலாம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தென்காசியில் இருக்கிறது. நீளமான வீடு. தெருவைப் பார்த்துக் கம்பி அடைத்த முன்கட்டு, அதைத் தார்சா என்போம். அடுத்து ஒரு அறை, பிறகு பட்டாசல் என்கிற நடுக்கூடம், அடுக்களை, கடைசியில் புறவாசலை ஒட்டி ஒரு சின்ன அறை. சுவர்கள் ஒன்றரை அடி கனம். மகன் ராணுவத்தில், வடக்கே இருக்கிறான். மருமகள் எங்களோடு. புளியங்குடிக்காரி, எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரரின் மகள். கல்யாணத்துக்காக ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவள். இரண்டாவதாக, பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. வாடிக்கையாளர்களோடு திரையில் பேசி அவர்கள் குறையைத் தீர்க்க வேண்டும். ஆறு மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் நிரந்தரம். புறவாசல் அறையில் கணினியைத் திறக்கும் முன் அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள். அந்த வேலையை அவள் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அதிலேயே தெரியும்.

இணைய இணைப்புக் கொடுக்க வடகரையிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டை முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, "சார், வைஃபை பெட்டிய பட்டாசல்ல உசரத்துல வச்சிருவோம். நாலு பக்கமும் போவும்" என்றார்.

"சுவத்துல ஓட்டை போடணுமோ?"

"ரெண்டே ரெண்டு சார்."

பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்திருந்தது. "வேண்டாம். இங்கன தார்சாலயே வையும். அலை அதுபாட்டுக்குப் போவும்" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். வாத்தியார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், மறுபேச்சு பேசாமல் வைத்துவிட்டுப் போனார்.

ஆனி பிறந்ததும் சாரல் தொடங்கியது. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் என்றால் குளியல். இங்கேயே குடியிருப்பவர்களுக்கு உப்பு கசியும், தீக்குச்சி பற்றாது, அப்பளம் வளையும், துவைத்த வேட்டி மூன்று நாள் கொடியில் கிடந்து நாறும். எங்கள் ஊரில் எது நடக்காவிட்டாலும் சாரல்தான் காரணம். தையற்காரர் சட்டை தராவிட்டாலும் சாரல், கொத்தனார் வராவிட்டாலும் சாரல். யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

பட்டுச்சேலையும் பத்திரங்களும் பூசணம் பிடிக்காமல் இருக்க, அந்த மாதங்களில் பீரோவுக்குள் ஒரு சின்னக் குண்டு பல்பை எரிய விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதற்காக முதல் அறையில் இருக்கும் இரும்புப் பீரோவின் முதுகில் வயர் போக ஒரு ஓட்டை உண்டு. தார்சாக் கம்பி வழியாகத் தூவானம் அடித்து வைஃபை பெட்டி நனைவதைப் பார்த்ததும் எனக்கு யோசனை பிறந்தது. சுருட்டி வைத்திருந்த மிச்ச வயரை அவிழ்த்து, அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுத்து, பெட்டியைப் பட்டுச்சேலைகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதவை மூடினேன். பெட்டி பத்திரம், வெதுவெதுப்பு. அன்று எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

உலோகப் பெட்டிக்குள் அடைத்தால் மின்காந்த அலை தப்பி வருவது கஷ்டம். இதை நான் பன்னிரண்டாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பாடிக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டரை எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடி, பாட்டு நிற்பதைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் தூக்குச்சட்டியும் இந்தப் பீரோவும் என் தலைக்குள் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

மறுநாளே மருமகள் வந்து நின்றாள். "மாமா, நெட்டு விட்டு விட்டு வருது. பேசிட்டிருக்கும்போதே முகம் அப்படியே நின்னுபோவுது."

"சாரல்லா அடிக்கி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் வாய் நிற்குமா? "காத்துல ஈரம் கூடிச்சின்னா அலையைத் தண்ணி குடிச்சிரும்மா. மலையடிவாரம் வேற. நம்ம ஊரு அமைப்பு அப்படி."

அடுக்களையிலிருந்து என் மனைவி கேட்டாள். "தண்ணியில அலை வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். அலையைத் தண்ணி குடிக்குமாக்கும்?"

"ஒனக்குப் புரியாது."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் புரிஞ்சிருச்சின்னுதான் சொல்லிச்சு. பரீச்சையிலல்லா தெரிஞ்சுது."

ஆனால் மருமகள் நம்பினாள். படித்தவர் சொல்கிறார் என்று நம்பினாள். டீக்கடையிலும் சொன்னேன். "அண்ணாச்சி சொல்லுதது சரிதான், எங்க வீட்லயும் அப்படித்தான் இழுக்கு" என்று நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். சுவர் கனத்தால் இழுத்ததோ, கட்டணம் கட்டாமல் இழுத்ததோ, எல்லாம் என் கொள்கைக்குள் அடங்கியது.

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். அடுக்களையில் அம்மியடியில் உட்கார்ந்து பேசினாள். மொட்டைமாடியில் குடை பிடித்து நின்று பேசினாள். அலையை வாங்கித் தூரத்துக்குத் தள்ளிவிடுகிற ஒரு குட்டிப் பெட்டியை வரவழைத்துப் பட்டாசலில் சொருகினாள். அதற்கே ஒன்றும் கிடைக்காதபோது அது எதைத் தள்ளும்? பிச்சைக்காரர் வீட்டு வாசலில் நின்ற பிச்சைக்காரர் கதையாயிற்று. ஒரு நாள், "மாமா, நான் தார்சால உக்காந்து வேலை பாக்கட்டா? அங்கன சிக்னல் ரெண்டு கோடாவது நிக்குது" என்று கேட்டாள். பேப்பர் படிப்பதும் வருகிறவர்களோடு பேசுவதும் எனக்கு அங்கேதான். "வாரவன் போறவன்லாம் பாப்பான், வேண்டாம்மா" என்றேன். அவள் மானத்தைக் காப்பாற்றுவதுபோலச் சொன்னேன். காப்பாற்றியது என் சாய்வு நாற்காலியை.

இது போதாதென்று அவளுடைய மேனேஜரிடம் நானே பேசினேன். நல்ல ஆங்கிலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரம்பித்து நீராவியில் முடித்தேன். "ஓகே அங்கிள்" என்றார் அவர்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆதார் அட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். சட்டைப்பையில் இருந்த கைப்பேசி கொக்கரிக்கத் தொடங்கியது. வராமல் கிடந்த காலை வணக்கப் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. கதவை மூடினேன், நின்றது. திறந்தேன், வந்தது. நல்ல ஆய்வாளன் போல மூன்று முறை செய்து பார்த்தேன். பிறகு பட்டுச்சேலைகளைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த நிமிஷமே பெட்டியை வெளியே எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால் சாரல் கொட்டிக்கொண்டிருக்கும்போதே நெட்டு நன்றாக வந்துவிட்டால் என் கொள்கை என்னாவது? டீக்கடையில் என்ன சொல்வது? அந்த மேனேஜர் என்ன நினைப்பார்? வெயில் அடிக்கட்டும், அன்றைக்குச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவோம், பழி சாரலோடு போகட்டும் என்று முடிவு செய்தேன். ஊரே சாரல் நீடிக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் வெயிலுக்கு வேண்டினேன். அந்த வருஷம் பார்த்து அப்படி ஒரு சாரல். ஐந்தருவியில் ஐந்தும் விழுந்தது.

மருமகள் சொன்னாள். "மாமா, நாளைக்குக் காலைல எனக்கு ரிவ்யூ. பெரிய ஆளுங்கல்லாம் வாராங்க. கொஞ்சம் நேரம் நெட்டு நின்னுறாம இருந்தா போதும்."

மறுநாள் நான் பாதி நியாயம் செய்தேன். அவள் பேச உட்கார்ந்ததும் போய்ப் பீரோக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துவிட்டுத் தார்சாவுக்கு வந்துவிட்டேன். பண்பொழியிலிருந்து வந்திருந்த ஒரு உறவினர் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சாரலையும் அலையையும் பற்றித்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே என் மனைவி, "பட்டுச்சேலை இருக்கப்பட்ட பீரோவை ஈரக்காத்துல இப்படியா தொறந்து போடுவாக" என்று முணுமுணுத்துக்கொண்டே கதவை அடைத்தாள். கைப்பிடி விழுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏன் எழுந்தேன் என்று சொல்ல வேண்டும். பேச்சை மட்டும் தொடர்ந்தேன்.

பதினைந்து நாளில் வேலை போய்விட்டது. பேச்சு பாதியில் பாதியில் அறுந்துபோகிறவரை வைத்துக்கொள்ள முடியாது என்று நாகரிகமாக எழுதியிருந்தார்கள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை. கம்பெனிக் கணினியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதைத் துணியால் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, ஒட்டிக் கொடுத்தாள். கூரியர் கடைக்குச் சுமந்துகொண்டு போனது நான்தான். அதற்கு நாலாம் நாள் வெயில் அடித்தது. வைஃபை பெட்டியைத் தார்சாவுக்கு மாற்றினேன். கைப்பேசியைப் பார்த்துவிட்டு அவள், "நீங்க சொன்னது சரிதான் மாமா. சாரல் நின்னதும் எப்படி வருது பாருங்க" என்றாள்.

வாழ்க்கையில் என் கொள்கை ஒன்று நிரூபணமானது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வருஷம் ஆனியில், வேறொரு கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பட்டாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"வேண்டாம்னு எழுதுதேன் மாமா. சாரல் சமயத்துல நம்ம வீட்டுல கிடைக்காதுல்லா. சேந்துட்டுத் திரும்ப அசிங்கப்படுததுக்கு..."

"அத அனுப்பாத தாயி" என்றேன். அவளைப் பீரோ முன்னால் கூட்டிப்போனேன். வைஃபை பெட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடினேன். திறந்தேன். மூடினேன். அவள் தன் கைப்பேசியில் கோடுகள் விழுவதையும் எழுவதையும் பார்த்தாள். இந்தத் தடவை கைதட்டு இல்லை.

"போன வருசம் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா."

"ஒங்களுக்குத் தெரியுமா மாமா?"

"மொதல்ல தெரியாது. பாதியில தெரிஞ்சுது."

"பாதியிலன்னா? ரிவ்யூவுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

என் வகுப்பில் ஒருவரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. "முன்னால" என்றேன். அவள் அடுக்களை வழியாகப் புறவாசல் அறைக்குப் போய்விட்டாள். கேட்டுக்கொண்டு நின்ற என் மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நான்லா கதவை அடைச்சேன்."

"நீ அடைச்சது எனக்குக் கேட்டுச்சு."



பரிகாரம் என்று நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். வடகரைக்காரரை மறுபடி கூப்பிட்டேன். "இதத்தான சார் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் ஆமாம் என்றேன். பட்டாசல் சுவரில் உயரத்தில் பெட்டியை மாட்டினார். கனத்த சுவர்களைத் துளைத்துப் புறவாசல் அறை வரை வயர் இழுத்து, அங்கே இரண்டாவதாக ஒன்றையும் வைத்தார். இரண்டு ஓட்டைக்குப் பதில் ஐந்து ஓட்டை. அந்தப் பழைய மேனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். குற்றம் மழையுடையது அல்ல, என்னுடையது, அந்தப் பெண்ணின் திறமையில் குறையில்லை என்று. மருமகளிடம் காட்டினேன். படித்துவிட்டு முகவரியைத் திருத்திக் கொடுத்தாள். இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டதாம், நன்றி அங்கிள். டீக்கடையிலும் போய் உண்மையைச் சொன்னேன். "சும்மா போங்க அண்ணாச்சி, தண்ணி அலையைக் குடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க" என்று சிரித்தார்கள். இன்றுவரை எங்கள் தெருவில் நெட்டு நின்றால் என் கொள்கையைத்தான் சொல்லுகிறார்கள்.

நேர்காணலை அவள் தார்சாவில், என் நாற்காலி இருந்த இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பேசினாள். வெளியே மழை. ஒரு தடவைகூட அறுபடவில்லை. வேலை கிடைத்தது.

சேர்வதற்கு முந்தின நாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வாரநாள்களில் புளியங்குடியில் அப்பா வீட்டிலிருந்து பார்க்கிறேன், சனிக்கிழமை வந்துவிடுகிறேன் என்றாள். மகனிடம் கேட்டாயிற்றாம்.

"இப்ப எல்லா மூலையிலயும் நல்லா வருதேம்மா" என்றேன்.

"வருது மாமா. நான் இல்லைன்னு சொல்லல." சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா என்னைக்காவது நின்னுபோச்சின்னா நீங்க ஒரு காரணம் சொல்லுவீங்க. அத நம்பவா வேண்டாமான்னு நான் யோசிச்சிட்டே உக்காந்திருக்கணும். வேலைக்கு நடுவுல அது முடியாது."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆறு மாதம் முடிந்து போன வாரம் வேலை நிரந்தரமானது. செய்தியை அவள் தன் அத்தைக்குத்தான் போனில் சொன்னாள். எல்லாம் பேசி முடித்தபிறகு என் மனைவி கைப்பேசியை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டேம்மா" என்றேன்.