வலை கட்டாத கோல்

உலகக் கோப்பை நடக்கிற இந்த ஒரு மாதமாக நான் போத்தனூர் டீக்கடைப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டிலும் டிவி இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் மருமகளுக்கு அழுகிற நாடகம் ஒன்று பார்க்க வேண்டும். டீக்கடைக்காரர் கேபிள் இழுத்திருக்கிறார். ஒரு டீக்கு ஒரு ஆட்டம் பார்க்கலாம்.

அங்கே வருகிற எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆட்டக்காரன் காற்று பட்டாலே விழுந்து புரள்கிறான் என்பார் ஒருவர். சந்தையில் மாடு பிடிப்பதுபோல ஆட்டக்காரனைக் கோடி கொடுத்துப் பிடிக்கிறார்கள், அவனுக்கு ஊர் ஏது, விசுவாசம் ஏது என்பார் இன்னொருவர். எனக்கும் உண்டு. பெனால்ட்டி அடித்து ஜெயிப்பது ஜெயிப்பே இல்லை. ஒன்றரை மணி நேரம் உழுதுவிட்டு, வெள்ளாமை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்கிற மாதிரி அது. இதை நான் சொன்னால் இளவட்டங்கள் சிரிக்கின்றன.

போன வாரம் ஒரு பந்து கோல் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சண்டை வந்தது. டிவியில் நாலு பக்கத்திலிருந்தும் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். நாலு பக்கமும் பார்த்த பிறகும் கடையில் இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்துதான் நின்றார்கள். முடிவெட்டும் கடைக்காரர் எழுந்து, “இந்த ரெப்ரியயெல்லாம் தொரத்திப்போட்டு, கம்பத்துக்கு ஒரு கேமராவ நிறுத்தோணுமுங்க” என்றார். என் பக்கம் திரும்பி, “ஏனுங் பெரியவரே, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

“தாராளமா நிறுத்துங்க. கேமராவுக்கு அப்பனாத்தா கெடயாது” என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. டீக்கடைக்காரர் அன்று என்னிடம் காசு வாங்கவில்லை. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒருநாள் நானே அந்தக் கேமராவாக நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவனுக்கு வயதை எழுதி வைத்தவர்கள் யாரும் இல்லை. வெள்ளைக்காரன் காலம். எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்போம். அய்யனுக்கு மில்லில் வேலை. பஞ்சு பிரிக்கிற இடத்தில். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை எல்லாம் பஞ்சு ஒட்டி, ஒரு பகலுக்குள் கிழவராகிவிட்டவர்போல இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மில் டீமுக்குக் கோல் கீப்பர். கையுறை கிடையாது, பூட்ஸ் கிடையாது. கணுக்காலில் கிழிந்த வேட்டித் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நிற்பார். அந்தக் கை எத்தனை பெரியது என்றால், என் தலை அதற்குள் ஒரு எலுமிச்சம்பழம்போல அடங்கிவிடும்.

அம்மாவின் தம்பி, என் மாமன், ரயில்வேயில் டெம்பரவரி கலாசி. எஞ்சினுக்குக் கரி அள்ளுகிற வேலை. அவர் ரயில்வே டீமில் முன்வரிசை ஆட்டக்காரர். அதனால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எப்போதும் ரகளைதான். “ஏனுங் மச்சான், அடுத்த வாரம் உங்க காலுக்கு நடுவுல பந்த உடறேன் பாருங்க” என்பார் மாமன். “மொதல்ல மூக்கத் தொடச்சுட்டு வா மாப்ளே, கரி ஒழுகுது” என்பார் அய்யன். அம்மா இரண்டு பேருக்கும் சமமாகக் கறி போடுவாள். அப்படிச் சொல்லிக்கொண்டு தம்பிக்கு ஒரு துண்டு கூடப் போடுவாள்.

அந்த வருஷக் கோப்பைக்கு மில்லும் ரயில்வேயும் கடைசி ஆட்டத்தில் மோதின. மாமனின் துரை அவரைக் கூப்பிட்டு, கோப்பையை ஜெயித்துக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகவும், இல்லாவிட்டால் மாசக் கடைசியில் மற்ற டெம்பரவரி ஆட்களோடு நின்றுகொள்ள வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார். சோமனூரில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் மாமனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அதே பேச்சைத்தான் வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்: ரயில்வே வேலை நிலைத்தால் கல்யாணம். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அய்யனுக்கும் தெரியும். ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

ஆட்டம் போத்தனூர் மைதானத்தில். இப்போது நினைத்தால் அது மைதானமே இல்லை, செம்மண் காடு. கோல் கம்பம் மூங்கில்தான். ஆட்டத்தன்று காலையில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், அது சரியாகக் காயவும் இல்லை. மேலே குறுக்குக் கம்பிக்குப் பதில் ஒரு கயிறு. வலை என்பதை நாங்கள் மீன் பிடிக்கிறவர்களிடம்தான் பார்த்திருந்தோம். பந்து கம்பத்துக்கு உள்ளே போனாலும் வெளியே போனாலும் பின்னால் இருக்கிற வேலிக்குத்தான் ஓடும்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. சமமாக முடிந்தால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே கோப்பை என்று பேச்சு. போன வருஷம் ஜெயித்தது மில். ரெப்ரி ஒரு டிரில் வாத்தியார், தொப்பையோடு ஓட முடியாமல் எப்போதும் பாதி மைதானம் பின்தங்கியே இருப்பார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மாமன் பந்தோடு தனியாக வந்தார். நான் அய்யனின் துண்டையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு கம்பத்தை ஒட்டிக் குந்தியிருந்தேன். என்னைத் தவிர அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மாமன் அடித்தார். அய்யன் பாய்ந்தார். பந்து கம்பத்தின் உள்பக்கத்தை உரசிக்கொண்டு, கயிற்றுக்குக் கீழே, என் கண்ணுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில், கோலுக்குள் போனது. உள்ளேதான் போனது. அறுபது வருஷம் ஆகியும் அந்தப் பந்தை என்னால் நிறுத்திப் பார்க்க முடிகிறது. டிவிக்காரர்கள்கூட அத்தனை மெதுவாகக் காட்டுவதில்லை.

கோல் என்று ரயில்வேக்காரர்கள் குதித்தார்கள். வெளியே என்று மில்காரர்கள் கத்தினார்கள். ரெப்ரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கைகலப்பு தொடங்கியிருந்தது. “கீப்பரக் கேளுங்க” என்றான் ஒருவன். “கள்ளன்கிட்டயே பெட்டிச் சாவி கேக்கறயாக்கும்?” என்றான் இன்னொருவன். அய்யன் எழுந்து, பந்து உரசிய இடத்தில் உள்ளங்கை படக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். களைத்துப்போனார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “சண்டை எதுக்குங்க? பையன் கம்பத்துகிட்டயே இருந்தானல்ல. எங்கக்கா பையனுங்க. அவன் பொய் சொல்ல மாட்டான், அவனயே கேளுங்க” என்றார்.

இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டார்கள். பச்சைப்பிள்ளை வாக்கு என்றால் அந்தக் காலத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. ரெப்ரி என் முன்னால் குனிந்தார். “சொல்லு கண்ணு. பயப்படாத. உள்ள போச்சா, வெளிய போச்சா?”

நான் அய்யனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மடியில் அவருடைய செருப்பு இருந்தது.

“வெளியங்க” என்றேன்.

மில்காரர்கள் என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். கோலி சோடா கொடுத்தார்கள். வாழ்க்கையில் அதுதான் நான் குடித்த முதல் சோடா, அதன் காரம் மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்தது. தோள்மேல் இருந்தபடி மாமனைத் தேடினேன். பந்தைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். பிறகு என்னிடம் வந்து என் காலைத் தட்டி, “நீ பாத்ததத்தான சொன்ன கண்ணு. அது போதும். எனக்குத்தான் உள்ள போன மாதிரி தெரிஞ்சுது” என்றார்.

அய்யன் எங்களுக்கு முன்னால் தனியாக வீட்டுக்குப் போய்விட்டார். நான் போனபோது தொட்டியடியில் உட்கார்ந்து வலது கையைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு. தேங்காய் நார் போட்டு வெகுநேரம் தேய்த்தார்.

மாசக் கடைசியில் மாமனை நிறுத்திவிட்டார்கள். சோமனூர் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். இங்கே இருக்க அவருக்கு முகமில்லை. வால்பாறை மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, போவதாகத் தீர்மானித்தார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி வரை ரயிலில் போய் அவரை வழியனுப்பினாள். மலைக்குப் போகிற லாரியின் பின்னால் தேயிலைப் பெட்டிப் பலகைகளுக்கு நடுவே மாமன் உட்கார்ந்திருந்தார். “பந்து ஆடறத உட்டுறாத கண்ணு” என்று கத்தினார்.

லாரி மறைந்த பிறகு அம்மா வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து ஆனைமலைக்குப் போகச் சொன்னாள். வண்டியில் ஏறிய பிறகுதான் அவள் மடியில் இருந்த முடிச்சைப் பார்த்தேன். வர மிளகாய்.

மாசாணியம்மன் கோயிலில் அநியாயத்துக்கு ஆளானவர்கள் மிளகாய் அரைத்து அங்கே இருக்கிற நீதிக்கல்லில் பூசுவார்கள். அந்த மிளகாய் எரிகிற எரிச்சல் அநியாயம் செய்தவன் உடம்பில் போய் எரியும். நியாயம் கிடைத்த பிறகு மறுபடி வந்து எண்ணெய் பூசி அம்மனைக் குளிர வைக்க வேண்டும். வண்டிக்காரரே இதையெல்லாம் வழியில் எனக்குச் சொல்லிவிட்டார்.

“ஆருக்கும்மா அரைக்கறோம்?” என்று கேட்டேன்.

“எந்தம்பி சோத்துல மண்ணப் போட்டவனுக்கு.”

“அது ஆரு?”

“நமக்கென்ன தெரியும்? அந்தத் தொரையோ, ஆபீசுல இருக்கற கிளார்க்கோ. ஆரா இருந்தா என்ன, அவளுக்குத் தெரியும்.”

கோயிலில் அம்மன் மல்லாந்து படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் கண் திறந்திருந்தது.

அம்மா அம்மியில் மிளகாயை வைத்து அரைத்தாள். அழுதுகொண்டே அரைத்ததில் அவளால் முடியவில்லை. “நீயும் ஒரு கை புடி கண்ணு. உனக்கும் மாமன்தான?” என்றாள். பிடித்தேன். குழவியின் ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். விழுதை வழித்துக் கல்லில் பூசியதும் என் கைதான். வீடு வந்து சேர்கிறவரை விரல்கள் தீயாய் எரிந்தன. அம்மனுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி அய்யன் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா சொன்னாள். “ஏனுங்க, ஆனைமல போயி மொளகா அரச்சுப்போட்டு வந்துட்டனுங்க.”

“ஆரு அரச்சது?”

“நாந்தானுங்க. பையனும் ஒரு கை புடிச்சான்.”

அய்யன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் தினமும் காலையில் எழுந்ததும் உடம்பைத் தடவிப் பார்ப்பேன். ஒரு கொசு கடித்தாலும் வந்துவிட்டது என்று நடுங்குவேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யன் ஆட்டத்துக்குப் போகவில்லை. மில்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள், முழங்கால் வலி என்றார். கணுக்கால் துணியை அம்மா அடுப்புப் பாத்திரம் இறக்கும் கரித்துணியாக்கிக்கொண்டாள். அவர் அதன்பிறகு கோலில் நிற்கவே இல்லை.

மாமன் இரண்டு மழைக்காலம் மலையில் இருந்தார். மூன்றாவது வருஷம் மலைக்காய்ச்சலில் போய்விட்டதாகத் தோட்டத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் படித்துச் சொன்னார். “நாயம் கெடைக்காமயே போயிட்டானே” என்று அம்மா அழுதாள். கடைசிவரை அந்த அம்மன் மேல் அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. அரைத்த மிளகாய்க்கு அம்மன் பதிலே சொல்லவில்லையாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. மிளகாய் அரைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் விடியற்காலையில் அய்யன் அடுப்படிக்கு வந்து நல்லெண்ணெய்ச் சீசாவை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். அம்மா தண்ணிக்குப் போயிருந்தாள். மில்லுக்குப் போகிறார் என்று நினைத்தேன். மில்லுக்கு எதற்கு எண்ணெய் என்று நினைக்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது சீசா காலியாக இருந்தது. கையெல்லாம் எண்ணெய் வாசம், நெற்றியில் குங்குமம். புருவத்தில் பஞ்சு இல்லை. எண்ணெய் எங்கே என்று கேட்ட அம்மாவிடம், கை தவறிக் கொட்டிவிட்டது என்றார்.

என்னைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போனார். தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு எனக்கு வைத்தார். என் வலது கையை எடுத்து, அந்தப் பெரிய கைக்குள் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தார்.

“எரியுதா கண்ணு?”

“இல்லீங்கய்யா.”

“இனி எரியாது” என்றார்.

மிளகாய் எரிச்சல் அன்றைக்கே அடங்கிவிட்டதே, ஒரு மாதம் கழித்து இப்போது எதற்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.