மூன்றாம் வாசல்

அந்தச் சுரங்க ரயில் நிலையத்துக்கு நான்கு வாசல்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து என்று எண் போட்டிருக்கும். மூன்று எங்கே என்று கேட்டால், பலகை எழுதியவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று டிக்கெட் கொடுப்பவர் சிரிப்பார். பல வருடமாக அதே சிரிப்பு.

நிலையத்தைக் கூட்டித் துடைப்பவளுக்குக் குறுக்குவழி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் சும்மா கிடந்தது. மேலே டிக்கெட் கூடம், நடுவில் நடைக்கூடம், அதன் கீழே பழைய தடம், அதற்கும் கீழே இருபது வருடம் கழித்துத் தோண்டிய புதுத் தடம். இந்த நான்கு அடுக்கிலும் வழி தெரியாமல் திண்டாடுபவர்கள் நேராக அவளிடம்தான் வருவார்கள். துடைப்பத்தை நீட்டியே வழி சொல்லிவிடுவாள்.

அவளுக்கு ஒரே கவலை, கூடப் பிறந்த அக்கா. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் எதிர்ப்பக்க மருத்துவமனையில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நடைக்கூடம் வரை நகரும் படிக்கட்டு உண்டு. அங்கிருந்து மேலே சாலைக்கு ஐம்பத்தெட்டுப் படி, சொந்தக் காலில். ஏழு வருடமாகத் தங்கை தாங்கிப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தாள். இருபதாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது அக்கா யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

லிஃப்ட் வரப்போகிறது என்றதும் இருவருக்கும் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான் நீடித்தது. ஒரே ஒரு லிஃப்ட், அதுவும் கடைவீதிப் பக்கம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மருத்துவமனைப் பக்கம் நாலாம், ஐந்தாம் வாசல்கள் குறுகல், மற்றதெல்லாம் வெறும் மண்ணாம். கடைவீதிப் பக்கம் ஏறினால் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அக்கா பாதி தாண்டுவதற்குள் சிக்னல் மாறிவிடும்.

அறிவிப்பைப் படித்த அன்று, நடைக்கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்த குறுக்குவழி அக்கா துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். கோடியில் இருந்த பச்சை ஓட்டுச் சுவரை நோக்கித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வடிகால் கிடையாது. ஆனாலும் சுவரின் அடியில் நுழைந்து தண்ணீர் காணாமல் போகும். பதினாலு வருடமாகத் தள்ளிவிடும் வேலை மிச்சம் என்று இருந்துவிட்டாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

ஆட்சேபம் சொல்லலாம் என்று குறித்திருந்த நாள் காலையில், நடைக்கூடத்தில் மேசை போட்டு வரைபடத்தை விரித்திருந்தார் தலைமைப் பொறியாளர். ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த மனிதர்.

“நீ வாயத் திறக்காத. கான்ட்ராக்ட் ஆளு நீ, நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றார் மேற்பார்வையாளர். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக மேசைக்குப் போனாள்.

“சார், அந்தப் பச்சைச் சுவத்துக்குப் பின்னால இடம் இருக்கு.”

“நீங்க யாரும்மா?”

“தரை துடைக்கிறவ.”

“படத்துல அங்க மண்ணுதான் இருக்கு.”

“பதினாலு வருஷமா தினம் ரெண்டு வாளித் தண்ணி உள்ள போகுது சார். மண்ணா இருந்தா இந்நேரம் ஊறி, சுவரே பேந்து விழுந்திருக்கும்.”

சுற்றி நின்ற அதிகாரிகள் சிரித்தார்கள். அவள் வாளியைக் கவிழ்த்தாள். சிரித்தவர்கள் பளபளத்த செருப்புகளோடு துள்ளி விலகினார்கள். தண்ணீர் யாரையும் கேட்காமல் சுவரடிக்குப் போய் மறைந்தது.

பொறியாளர் சிரிக்கவில்லை. மெல்ல முழங்கால் போட்டு, ஈரத்தைப் பார்க்காமல் சுவரில் காதை வைத்தார். எல்லாரையும் கையமர்த்தினார். வெகுநேரம் கழித்து, “தண்ணி படியில இறங்குதுங்க” என்றார்.

மறுநாளே ஓட்டை போட்டார்கள். பொறியாளர் டார்ச்சை அவள் கையில் கொடுத்து, “நீங்களே முதல்ல பாருங்கம்மா” என்றார். ஒன்பது படி கீழே இறங்கி, சாக்கடைக் குழாய்க்கு அடியில் நுழைந்து, சாலைக்கு அடியிலேயே மருத்துவமனைப் பக்கம் கடந்து ஓர் அகன்ற அறைக்குப் போனது பாதை. பழைய வடிகால் இன்னும் உயிரோடு இருந்தது. சுவரில் ‘3’ என்ற எண். புதுத் தடம் தோண்டிய காலத்தில், தூசி வராமல் இருக்கத் தற்காலிகமாக எழுப்பிய சுவர் அது. அதைப் பார்த்துப் படம் வரைந்தவர் நிரந்தரச் சுவர் என்று எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தார்களே தவிரச் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை. மெத்தப் படித்தவர்கள் செய்யக்கூடிய தப்புதான்.

படிகளை உடைத்துச் சரிவு போட்டார்கள். அகன்ற அறையில் லிஃப்ட் வந்தது. திருத்திய வரைபடத்தில், ‘கண்டறிந்தவர்’ என்று போட்டு அவளுடைய முழுப் பெயரையும் பொறியாளர் தன் கையால் எழுதினார். குறுக்குவழி அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

திறந்த அன்று லிஃப்டில் நல்ல கூட்டம். அக்காவுக்குப் பின்னால் தங்கையும் ஏறினாள். எடை அதிகம் என்று மணி அடித்தது. அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ இறங்கு. படியில வா. உனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு?”

கதவு மூடியது. தாங்க ஆள் இல்லாமல், இரண்டு கையும் வெறுமையாக, அவள் ஐம்பத்தெட்டுப் படியையும் ஓடி ஏறினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மேலே போய்ச் சேர்ந்தபோது இரைத்தது. மருத்துவமனை வாசலில், வெயிலில், ஒரு பிடிமானமும் இல்லாமல் நேராக நின்றிருந்தாள் அக்கா.

“எவ்வளவு நேரமா நிக்கிறேன், வா வா” என்றாள்.