வளைவுக்கு வளைவு நிறுத்திய கார்

எனக்குக் கார் பார்க்கத் தெரியாது. காரிலிருந்து பார்க்கத்தான் தெரியும். வீட்டில் எல்லோரும் அறிந்த இந்த உண்மையையும் மீறி, போன மே மாதம் கார் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மனைவி படுக்கையில் இருந்ததுதான் காரணம்.

அவள் கம்பம் மெட்டு என்கிற மலைப்பாதைக்கு மேலே, கேரளத்து ஏலமலையில், தோட்டத் தொழிலாளர்களின் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. களையெடுக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, பல வருடம் போய்வந்தாள். குலுங்கிக் குலுங்கி முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. இனி ஜீப் கூடவே கூடாது என்றார் மருத்துவர்.

"ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள மெட்டு ஏறுற வண்டி ஒண்ணு வரணும். வரலைன்னா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல இருந்துருவேன்" என்றாள், சுவரைப் பார்த்துப் படுத்தபடி. கோடை விடுமுறைக்கே பாதி ஆளாகிவிடுகிறவள். அந்தப் பள்ளி இல்லையென்றால் மீதிப் பாதியும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பயந்துபோய்க் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் அதன் வயதைப் பெரிதாக விசாரிப்பதில்லை. மெட்டு ஏற்றிப் பார்ப்பார்கள். ஏசியைப் போட்டு, ஆட்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அடிவாரத்தில் கிளம்பினால், மேலே சோதனைச் சாவடியில்தான் நிறுத்த வேண்டும். இன்ஜின் சூடாகாமல் ஏறிவிட்டால் அப்புறம் விலை பேசலாம். மனைவியும் இதைத்தான் சொல்லி அனுப்பினாள்: "நடுவுல எங்கயும் நிறுத்தாதீக."

தரகர் ஒருவர் பச்சைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். மழை நின்ற மறுநிமிடத்தில் ஏலச்செடி காட்டுமே, அந்தப் பச்சை. இதை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் அவரிடமே சொல்லித் தொலைத்தேன். தரகர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஆள் எப்படிப்பட்டவன் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"சிங்கிள் ஓனர் சார். கோட்டயத்து டாக்டரு வச்சிருந்தது. வீடு விட்டா சர்ச்சு, சர்ச்சு விட்டா வீடு."

ஏறினோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். முதல் வளைவு திரும்பியதும் கையை நீட்டினார். "சார், அந்தா பாருங்க, திராட்சப் பந்தலெல்லாம் பாய் விரிச்ச மாதிரி!"

நிறுத்தாமல் எப்படி இருப்பது? இறங்கினேன். கீழே பள்ளத்தாக்கு வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தது. தென்னந்தோப்புகள், நடுவில் ஆற்றின் கோடு, தூரத்தில் எதையோ மறுத்து மறுத்துத் தலையாட்டும் காற்றாலைகள். நான் பேசப் பேச அவர் "ஆகா" போட்டார். பேச்சோடு பேச்சாக பானெட்டையும் தூக்கி வைத்தார். "காத்தாடட்டும் சார். நாம மட்டும் ரசிச்சாப் போதுமா?"

வண்டியையும் காற்று வாங்க விடும் மனிதர்! இத்தனை வருடம் எழுதி எனக்குக் கிடைக்காத வாசகர் மெட்டு ரோட்டில் கிடைத்துவிட்டதாகவே நினைத்தேன். அடுத்த வளைவில் அவரே சொன்னார்: "இங்கன இருந்து பாத்தா இன்னும் நல்லாருக்கும் சார்." அதற்கடுத்த வளைவிலும் அப்படியே.

வீட்டுக்கு வந்து, சூடு காட்டும் முள் அசையவே இல்லை என்று பெருமையாக அறிவித்தேன்.

"நடுவுல நிறுத்துனீகளா?"

"பாக்குறதுக்குக் கொஞ்சம்…"

"பானெட்டத் தொறந்தாகளா?"

"காத்து வாங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ரெஸ்ட் குடுத்துக் குடுத்துல்ல ஏத்தியிருக்கீக. இதுக்கு நம்ம வீட்டு மிக்சி கூட மெட்டு ஏறும்."

எழுந்து நடமாடலாம் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே, இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு அவளே ஓட்டினாள். பின்சீட்டில் தரகர். வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு முன்சீட்டில் நான். பாதி மலையில் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் இடுக்கில் ஆவி கிளம்பியது.

"சார் ரசிச்சு ஓட்டுனாக, ஒண்ணும் ஆகல. நீங்க வெரட்டுறீக டீச்சர்" என்றார் தரகர் வருத்தமாக.

"எனக்கு ஒன்பதரைக்குப் பெல்லுண்ணே. நான் ரசிச்சுக்கிட்டே போனா பிள்ளைகள யாரு பாக்குறது?"

அடுத்த கார் தேனியில், பைபாஸ் ஓரத்துக் கடையில் கிடைத்தது. வெள்ளை. எந்த உவமைக்கும் வளைந்து கொடுக்காத வெறும் வெள்ளை. போடி மெட்டில் ஒரே மூச்சில் ஏற்றிப் பார்த்து, திருப்தியாகி, விலை பேச உட்கார்ந்தாள். என் மீதான தடை உத்தரவு இன்னும் நீங்கவில்லை. கடைக்காரர் விலை சொன்னார். நான் அவர் தலைக்கு மேலே, கூரைத் தகரத்தில் கூடு கட்டிக்கொண்டிருந்த சிட்டுக்குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குறைத்தார். குருவி ஒரு வைக்கோலை நழுவவிட்டது, உச்சுக் கொட்டினேன்.

கடைக்காரர் நெளிந்தார். "சார் மொகத்தப் பாத்தா மசிய மாட்டாக போலயே டீச்சர்."

"அவுக அப்பிடித்தான். பிடிக்கலைன்னா பேசவே மாட்டாக" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல்.

இன்னும் இறங்கினார். டயர் நாலும் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். குருவிக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்லை.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. சாயங்காலம் அவள் வந்து சேரும்வரை ஒரு வரிகூட எழுத ஓடவில்லை. தெருவுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். கார் வந்து நின்றது. அவளும், ஜீப்பில் கூடப் போய்வந்த இரண்டு டீச்சர்களும் இறங்கினார்கள். ஒருவர் குடையை விரித்தபடி சொன்னார்: "சார், அந்த மழையில எங்கயும் நிக்காம ஏறுச்சு. நீங்கதான் அலைஞ்சு தேடிப் பிடிச்சீகளாம்ல? டீச்சர் சொன்னாக."

மனைவியைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. வந்த புகழை மறுத்துப் பழக்கமில்லாதவன் நான்.

"ஆமா டீச்சர், இன்ஜின் சூட்டத்தான் நான் மொதல்ல பாப்பேன்."

மனைவி சட்டென்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பை அழுத்தினாள். தோள் குலுங்கியது.

"சிரிக்க வைக்காதீக" என்றாள். "எனக்கு நாளைக்கும் ஸ்கூல் இருக்கு."