மெர்சிங்கிலிருந்து வந்த கலயம்

என் கணவர் மெர்சிங் பக்கம் சாலை போடும் வேலைக்குப் போயிருந்தார். நான் ஆயர் ஈத்தாம் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அடைமழைக் காலத்தில் ஒரு மத்தியானம் அவருடைய கூட்டாளி எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். கையில் துணியால் வாய் கட்டிய மண்கலயம்.

"காய்ச்சல்ல போயிட்டாரு தங்கச்சி. மூணு இடத்துல குழி வெட்டுனோம். வெட்ட வெட்டத் தண்ணி ஊறுது. அதுக்குள்ள போட மனசு வரல. மரக்கிடங்குக் கொட்டகையில வச்சு எரிச்சிட்டோம். சாம்பல உங்ககிட்டக் கொண்டாந்து சேர்க்கலாம்னுதான்."

கூட்டாளி இந்து. நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர். எங்களில் யாரும் பிணத்தை எரிப்பதில்லை. அப்போது திருச்சபை அதைத் தடுத்திருந்தது. அவர் கால்கள் நடந்து நடந்து வீங்கியிருந்தன. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலயத்தை எங்கே வைப்பது? மாதா படத்தருகே வைக்கப் பயம். அடுப்படியில் வைக்க மனமில்லை. கடைசியில் என் கணவர் படுக்கும் பாயின்மேல் வைத்தேன்.

மறுநாள் நானும் கூட்டாளியும் அடக்கம் கேட்டு மாதா கோயிலுக்குப் போனோம். சாமியார் பிரெஞ்சுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"எரிக்கச் சொல்லி அவரே கேட்டாரா?"

"பேச்சே இல்லீங்க சாமி. ஜன்னி," என்றார் கூட்டாளி.

சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நானாக முடிவு செய்ய முடியாதம்மா. மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்கிறேன்."

பிஷப்பிடமிருந்து பதில் வர இரண்டு வாரமாயிற்று. கூட்டாளி அதுவரை போகவில்லை. "பாதியில விட்டுட்டுப் போக முடியாது" என்று அடுத்த லயத்தில் தங்கிக்கொண்டார். ஜெபம் சொல்லலாம், ஆனால் கல்லறைகளுக்கு நடுவே வேண்டாம், மணியும் அடிக்க வேண்டாம் என்று பதில் வந்தது.

கோயிலுக்குப் பின்னால், சாமியார் செம்பருத்தி வளர்த்த தோட்டத்தில், கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை ஒரு முழம் தோண்டினார். "இது போதுமாம்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? தலையாட்டினேன். சாமியார் தாழ்ந்த குரலில் ஜெபத்தைச் சொல்லி முடித்தார். கலயத்தின்மேல் மண்ணைத் தள்ளி மூடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. அத்தனை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் கூட்டாளி கேட்டார். "நான் தப்புப் பண்ணிட்டனா தங்கச்சி?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.  அவர் லாரி நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார். அவரை நான் மறுபடி பார்க்கவேயில்லை.