கிராப்பில் ஏறிய முனியாண்டி மலை

போன வெள்ளிக்கிழமை கோயில் பூஜை முடிந்து விபூதியோடு வீட்டுக்கு வந்தால், மகள் தர்ஷினி லேப்டாப் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

எட்டிப் பார்த்தேன். உயரமும் குட்டையுமாகக் கலர்த் தூண்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் வெறும் கட்டங்கள்.

“என்னடி இது, நாம இருக்கிற லயத்துக் காம்பரா மாதிரி வரிசையா பெட்டி?”

“சிரிக்காதீங்கம்மா. தமிழ்ல மலை பேரு போட்டேன். இந்த சாப்ட்வேர் எல்லாத்தையும் பெட்டியாக்கிருச்சு.”

கம்பஸில் புள்ளிவிபரம் படிக்கிறாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த மலையில் குளவி அதிகம் கொட்டுகிறது என்று, கொழுந்தெடுக்கும் எங்களிடம் லீவு முழுக்கக் கேட்டுக் கேட்டுச் செய்த கிராப் அது. ஞாயிறன்று கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் காட்ட வேண்டும். தோட்டத்து மேனேஜர் தொரையும் வருகிறார். குளவிக் கூட்டை எடுங்கள் என்று அவரிடம் கேட்க, இதை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

போனில் அவளுடைய சிநேகிதி சொன்னது எனக்கும் கேட்டது. “அனே, விடு. மலைப் பேருக்குப் பதிலா பீல்ட் நம்பர் போடு. இங்கிலீஷ் ஒழுங்கா வரும்.”

தர்ஷினியும் அதற்கு இறங்கி வந்துவிட்டாள். “அஞ்சு, ஏழுன்னு போட்டுடவாம்மா?”

எனக்கு வந்ததே கோபம்! நம்பர் ஆபீஸ் மேப்பில் இருக்கிறது. காலையில் பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது கங்காணி நம்பரா சொல்கிறார்? “இன்னிக்கு முனியாண்டி மலை” என்றுதானே?

“பக்கத்து வீட்டு புஷ்பம் குளவி கொட்டி முகம் வீங்கி ரத்தினபுரி ஆஸ்பத்திரியில கெடந்தாளே... அவகிட்ட ஏழாம் நம்பர்னு சொல்லிப் பாரு. எந்த மலைன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?”

“சாப்ட்வேர் கேக்காதும்மா!”

“கேக்க வை.”

ஓ.எல். பரீட்சை தாண்டாதவள் நான். முருகன் படத்துக்கு முன்னால் இன்னொரு சூடம் கொளுத்தினேன் — என்னால் முடிந்தது அதுதான். அவளால் முடிந்ததை அவள் செய்தாள். தேடிப் படித்து, தமிழ் ஃபாண்ட் ஒன்றின் பெயரை கிராப்புக்குச் சொல்லிக் கொடுத்தாள். பெட்டி போனது. ஆனால் எழுத்துகள் காலும் கொம்பும் இடம் மாறி நின்றன. படத்தைச் சேமிக்கும் முறையையும் மாற்றினாள்...

வந்தது! எல்லாவற்றிலும் உயரமான தூணுக்குக் கீழே, முழுசாக — முனியாண்டி மலை.

ஞாயிறு. தமிழ் வாசிக்கத் தெரியாத தொரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். “அனே, இது எந்த பீல்ட்?”

புஷ்பம் எழுந்தாள். “முனியாண்டி மலைங்க தொரை. என்னைக் கொட்டுன எடம். கூடு எடுக்காம அங்க நாங்க யாரும் ஏற மாட்டோங்க.”

“வேணும்னா தொரை கூடை மாட்டிக்கிட்டுப் போகட்டும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

சிரிப்பு சிரிப்பாக இருக்கட்டும். திங்கள் காலை பிரட்டுக்களத்தில் ஒருத்தியும் அசையவில்லை. தொரை அனுப்பிய, கூடு எடுக்கும் ஆட்கள் மலைக்குப் போய், வேலை முடிந்தது என்று சொன்ன பிறகுதான் கூடையைத் தொட்டோம்.

தொரை என்னிடம் வந்தார். “அடுத்த முறை மகளை இங்கிலீஷ்லயும் போடச் சொல்லுங்க.”

“சொல்றேங்க தொரை... கீழே, சின்ன எழுத்துல.”